காபி மேசை: விளக்கு எரிந்தால் சூடாகிவிட்டதா?

சென்ற இதழில் வீட்டு எஸ்பிரெஸோ இயந்திரங்களைப் (வெந்நீரை அழுத்தத்தோடு தூள்வழியே செலுத்திக் காபி இறக்குபவை) பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: முதல் கோப்பையை வாயில் வைக்க முடியவில்லை. ஆகவே இந்த முறை மேசை முழுக்க அதற்கே. ஃபில்டர் காபிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசிக் கேள்வி உங்களுடையது.

கேள்வி: டீச்சர், மூன்று மாதத்துக்கு முன்பு இயந்திரம் வாங்கினேன். சுவிட்சைப் போட்ட ஐந்தாவது நிமிடம் 'தயார்' விளக்கு எரிகிறது. உடனே நான் போடும் ஷாட் (ஒரு தடவை இறக்கும் சின்னக் காபி) புளியைக் கரைத்ததுபோல் இருக்கிறது. கால் மணி நேரம் கழித்து, அதே தூளில் அதே அளவில் என் மனைவி போடும் ஷாட் அமிர்தமாக இருக்கிறது. அவருக்குத்தான் கைராசி என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். தூளை மாற்றிப் பார்க்கட்டுமா? (வாசகர், உறையூர், திருச்சி)

பதில்: தூளை மாற்ற வேண்டாம். நாளைக் காலை மனைவியை முதலில் போடச் சொல்லுங்கள். ராசி இடம் மாறிவிடும்.

அரசுப் பள்ளியில் 31 வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். ஆய்வுக்கூடத்தில் கலோரிமீட்டர் சோதனை வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். தண்ணீரை நிறுப்பார்கள், அதன் வெப்பநிலையைக் குறிப்பார்கள், கணக்கும் போடுவார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் இருக்கிற செம்புப் பாத்திரத்தை நிறுக்க மறந்துவிடுவார்கள். பாத்திரமும் சூட்டைக் குடிக்கும் என்பது மண்டையில் ஏறாது. "இந்தச் செம்பு எத்தனை கிராம் தண்ணீருக்குச் சமம் என்று முதலில் சொல்லு" என்று எத்தனை நோட்டுகளில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன், கணக்கே இல்லை.

அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற கையோடு பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, ஒரு வருடம் அதே தப்பைச் செய்துகொண்டிருந்தேன். மூன்று கடைகளில் தூள் மாற்றினேன். இயந்திரத்தை விட விலை கூடிய கிரைண்டர் ஒன்றும் வாங்கினேன். (அதை இன்றைக்கும் என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார்.) கடைசியில் ஒரு நாள் எரிச்சலோடு, தெர்மோகோல் கப்பில் சமையல் தெர்மாமீட்டரைச் செருகி, தூள் போடாமல் வெறும் தண்ணீரை இறக்கிப் பார்த்தேன். விளக்கு எரிந்தவுடன் கப்பில் விழுந்த தண்ணீர் 77 டிகிரி. இருபது நிமிடம் விட்டுப் பிடித்த தண்ணீர் 89. தெர்மோகோல் தின்றது போக, உள்ளே இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருந்திருக்கும். எஸ்பிரெஸோவுக்குத் தூளின்மேல் விழும் தண்ணீர் 90 முதல் 96 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக, ஒரு வருடமாக நான் வெந்நீரில் அல்ல, சற்றே சூடான நீரில் காபி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் எளிது. அந்த விளக்கு பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் சூட்டை மட்டும்தான் சொல்கிறது. பாய்லரை விட்டுக் கிளம்பிய தண்ணீர் தூளைத் தொடுவதற்கு முன்னால் குரூப் ஹெட் என்கிற உலோகக் கட்டியைக் கடந்தாக வேண்டும். அதன்கீழே போர்ட்டாஃபில்டர், அதாவது நாம் தூள் போட்டு மாட்டும் கைப்பிடிக் கிண்ணம், தொங்குகிறது. இரண்டும் அப்போது அறையின் சூட்டில்தான் இருக்கின்றன.

என் போர்ட்டாஃபில்டரைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 560 கிராம். பிளாஸ்டிக் கைப்பிடியைக் கழித்தால் பித்தளை மட்டும் அரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் பித்தளையை ஒரு டிகிரி சூடாக்கத் தண்ணீருக்கு ஆவதில் பதினொன்றில் ஒரு பங்கு வெப்பம் போதும். அப்படியென்றால் அரை கிலோ பித்தளை ஏறக்குறைய 45 மில்லி தண்ணீருக்குச் சமம். 18 கிராம் தூளில் 36 கிராம் காபி இறக்குகிறோம். தூள் உறிஞ்சுவதையும் சேர்த்தால் உள்ளே போகும் தண்ணீரே 55 மில்லி அளவுதான். 55 மில்லி வெந்நீருக்குப் பக்கத்தில் 45 மில்லி பச்சைத் தண்ணீரை வைத்த கதை. முப்பது விநாடியில் முழுச் சூடும் கைமாறிவிடாது, வாஸ்தவம்தான். ஆனால் கால்வாசி கைமாறினாலே காரியம் கெட்டுவிடும். இதில் குரூப் ஹெட்டின் எடையை நான் சேர்க்கவே இல்லை.

தூளிலிருந்து புளிப்புச் சத்துகள் முதலில் இறங்கிவிடும். இனிப்பும் கசப்பும் பின்னால்தான் வரும், அவற்றை இழுக்கச் சூடு வேண்டும். சூடு குறைந்தால் முதலில் வந்ததோடு கடை மூடிவிடுகிறது. உங்கள் வாயில் புளித்தது அதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. எழுந்தவுடன் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, வெறும் போர்ட்டாஃபில்டரை, உள்ளே தூள் நிற்கும் ஓட்டைக் கூடையோடு மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போங்கள். மாட்டும்போது முழு இறுக்கம் வேண்டாம், ரப்பர் வளையம் சீக்கிரம் விறைத்துப்போகும். இருபது நிமிடம் கழித்து வந்து ஒரு கோப்பை அளவு வெந்நீரை அதன்வழியே இறக்கிக் கொட்டுங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். உங்களுடையதுபோன்ற சிறிய இயந்திரங்களில் பாய்லரே 100 மில்லிதான் பிடிக்கும். 60 மில்லியை வெளியே விட்டால் அதே 60 மில்லி பச்சைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். விளக்கு அணைந்து மறுபடி எரியும்வரை பொறுங்கள். அந்த நேரத்தில் கூடையைத் துணியால் துடைத்து, தூளை அரைத்து, அழுத்தி வையுங்கள். விளக்கு வந்ததும் மாட்டி உடனே இறக்குங்கள். தூளோடு மாட்டிவிட்டு வாசலில் பேப்பர்காரரோடு பேசப் போகாதீர்கள், தூள் சூட்டில் வெந்துவிடும்.

சூடாகிவிட்டதா என்று அறியத் தெர்மாமீட்டரே தேவையில்லை. போர்ட்டாஃபில்டரின் உலோகப் பகுதியை ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் தானாகப் பின்வாங்கினால் தயார். நிதானமாக வைத்திருக்க முடிந்தால் தயாரில்லை.

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியர். காலை 5.40 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இருபது நிமிடம் எனக்குத் தூக்கம், இயந்திரத்துக்குத் தர முடியாது. குறுக்கு வழி உண்டா அம்மா? (வாசகி, மேலப்பாளையம், திருநெல்வேலி)

பதில்: தூக்கத்தை விடாதீர்கள் தாயே. சுவிட்சைப் போட்ட கையோடு கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, போர்ட்டாஃபில்டரின் உலோகப் பகுதி மூழ்கும்படி ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் போட்டுவையுங்கள். விளக்கு எரிந்ததும் அதை எடுத்து மாட்டி, வெறும் தண்ணீரை மூன்று தவணையாக இறக்குங்கள். ஒவ்வொரு தவணைக்கும் நடுவில் விளக்கு திரும்ப வரட்டும். இப்படிச் செய்தால் எட்டு, ஒன்பது நிமிடத்தில் இருபது நிமிடச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது: பால் நுரைக்க இருக்கும் ஸ்டீம் பொத்தானை ஒன்றரை நிமிடம் போட்டுவைத்துப் பாய்லரை அதிகச் சூடாக்கிவிட்டு, பொத்தானை அணைத்து, தண்ணீரை இறக்குவது. முதலில் புஸ்ஸென்று ஆவியாகச் சீறும். சீற்றம் அடங்கித் தண்ணீர் ஒழுங்காக விழும்வரை விட வேண்டும். உலோகம் நன்றாகவே சூடேறும். ஆனால் அரைத் தூக்கத்தில் ஆவியோடு விளையாட வேண்டாம் என்பதால் உங்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஒரு வாய் காபிக்காக இருபது நிமிடம் மின்சாரத்தை எரிப்பது அநியாயம் என்கிறார் என் மாமியார். இரவே டைமர் பிளக்கில் போட்டுவைத்தால் காலையில் தானாகச் சூடாகி இருக்குமே, செய்யலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மாமியாரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சின்ன இயந்திரம் 1,400 வாட் என்றால் முழு வேகத்தில் எரிவது முதல் ஐந்து நிமிடம்தான். அதன்பிறகு தெர்மோஸ்டாட் விட்டுவிட்டுத்தான் ஊட்டும். மொத்தமாகக் கால் யூனிட்டைத் தாண்டாது. மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரு ஹெச்.பி. மோட்டாரை இருபது நிமிடம் ஓட்டினாலும் கால் யூனிட்தான். குடித்து முடித்தபிறகு அணைக்க மறந்து மதியம்வரை விட்டுவைத்தால் மாமியார் கட்சிக்கு நானும் வந்துவிடுவேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல், விற்பனைக்கு வரும் வீட்டு எஸ்பிரெஸோ இயந்திரங்கள் கடைசிக் காபிக்குப் பிறகு அரை மணி நேரத்துக்குள் தாமாக அடங்கிவிட வேண்டும் என்று விதியே உண்டு. உங்கள் இயந்திரம் பாதியில் தானே அணைகிறது என்றால் அது பழுதாக இல்லாமல் இந்த ஏற்பாடாகவும் இருக்கலாம்.

டைமர் நல்ல யோசனைதான். மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இயந்திரம் பொத்தானைத் தட்டினால் மட்டும் விழித்துக்கொள்ளும் வகை என்றால் டைமரால் பயனில்லை. சுவிட்ச் போட்ட நிலையிலேயே நிற்கும் வகையாக இருக்க வேண்டும். இரண்டாவது, 1,400 வாட் என்பது ஆறு ஆம்பியருக்கு மேல். மிக்ஸிக்கான சின்ன பிளக்கில் செருகாதீர்கள், ஹீட்டர் போடும் பெரிய பிளக்தான் வேண்டும், டைமரும் அதைத் தாங்க வேண்டும். மூன்றாவது, பாய்லரில் தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் எரிந்தால் கதை முடிந்தது. இரவு ஸ்டீம் எடுத்துப் பாலை நுரைத்துவிட்டு அப்படியே அணைத்தால் பாய்லர் பாதி காலியாகவே கிடக்கும். படுக்கப் போகும்முன் பம்பை ஓட்டி, குரூப் ஹெட்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு டைமரை வையுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட சாதாரண இன்வெர்ட்டரில் ஓடாது.

கேள்வி: மூன்று விநாடியில் சூடாகும் என்று விளம்பரம் செய்த இயந்திரத்தை வாங்கினேன். எனக்கும் இந்தப் பாடம் பொருந்துமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: பொருந்தும், கொஞ்சம். விளம்பரம் பொய்யில்லை. உங்கள் இயந்திரத்தில் பாய்லர் கிடையாது. தண்ணீர் மெல்லிய சூடேற்றும் பாதை வழியாக ஓடும்போதே சூடாகிறது. அதனால் காத்திருந்து பயனில்லை. மணிக்கணக்கில் விட்டாலும் கீழே தொங்கும் போர்ட்டாஃபில்டர் அதுவாகச் சூடாகாது. நீங்கள்தான் சூடாக்க வேண்டும். தூள் இல்லாமல் ஒன்றிரண்டு ஷாட் அளவு வெந்நீரை அதன்வழியே கோப்பைக்குள் இறக்குங்கள். கோப்பையும் சூடாகும். கொட்டிவிட்டு, கூடையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு நிமிட வேலை.

கேள்வி: துபாயில் இருந்த அண்ணன் ஊருக்கு வரும்போது தன் பெரிய இயந்திரத்தை எனக்கே கொடுத்துவிட்டான். முன்னால் பளபளவென்று பீரங்கிபோல் குரூப் ஹெட். எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்? அரை மணி வைத்தால் சுமார், ஒரு மணி நேரம் வைத்தால் கருகல் வாடை வருகிறது. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: அண்ணன் வாழ்க. உங்களிடம் இருப்பது இ61 வகை. இத்தாலியின் ஃபேமா நிறுவனத்தின் எர்னெஸ்தோ வாலெந்தே 1961இல் கொண்டுவந்தது. அந்த வருடம் பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது, கிரகணத்துக்கான இத்தாலியச் சொல்லின் முதலெழுத்துதான் அந்த 'இ' (E). காபி இயந்திரத்துக்குக் கிரகணத்தின் பெயர் வைத்தவர்கள் அவர்கள். நம்மூரில் கிரகணம் என்றால் அடுப்பையே மூட்டமாட்டார்கள்.

அந்தப் பீரங்கி சுமார் நாலு கிலோ பித்தளை. என் பழைய கணக்கைப் போட்டால் முன்னூற்று அறுபது மில்லி தண்ணீருக்குச் சமம். அதைச் சூடாக்க அவர்கள் செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. பாய்லர் பக்கமிருந்து மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். சூடான நீர் இலேசாகி மேல்வழியே குரூப் ஹெட்டுக்கு வரும், அங்கே சூட்டை இறக்கிக் கனத்து, கீழ்வழியே திரும்பிப் போகும். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டு மாடியில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரும் இதே சூத்திரத்தில்தான் ஓடுகிறது. வகுப்பில் வெப்பச்சலனம் நடத்தியபோது இப்படியொரு உதாரணம் கையில் இல்லாமல் போயிற்றே என்று இப்போது தோன்றுகிறது. இந்தச் சுற்று முழுதும் சூடேற அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். குளிர்காலத்தில் ஊட்டி, குன்னூர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

கருகல் வாடைக்கு வருகிறேன். ஒரே பாய்லரில் ஸ்டீமும் காபியும் ஒருசேர எடுக்கும் வகையாக உங்கள் இயந்திரம் இருக்க வேண்டும். அதில் பாய்லர் தண்ணீர் 120 டிகிரிக்கு மேல் கொதிநிலையில் இருக்கும். காபிக்கான தண்ணீர் அதன் நடுவே செல்லும் குழாயில் இருக்கும். சும்மா விட்டால் குழாயில் தேங்கிய தண்ணீரும் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். திருச்சிக்காரருக்குச் சூடு போதவில்லை, உங்களுக்குக் கூடிவிட்டது. நீண்ட நேரம் சும்மா இருந்தபிறகு போடுவதாக இருந்தால், முதலில் தூள் இல்லாமல் தண்ணீரை இறக்குங்கள். புஸ்புஸ்ஸென்று ஆவி பறக்கும். அந்தச் சத்தம் நின்று தண்ணீர் அமைதியாக விழத் தொடங்கியபிறகு இரண்டு மூன்று விநாடி விட்டு நிறுத்துங்கள். உடனே தூளை மாட்டுங்கள். காதை நம்பினால் போதும்.

கேள்வி: கோப்பையையும் சூடாக்க வேண்டுமா? அல்லது எவர்சில்வர் டம்ளரிலேயே பிடித்துக்கொள்ளலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: என் பீங்கான் கோப்பை 160 கிராம். பீங்கானுக்குத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் போதும் என்பதால் அது 32 மில்லி தண்ணீருக்குச் சமம். உள்ளே விழுவது 36 கிராம் காபி. அதாவது, சூடாக்காத கோப்பை காபியின் சூட்டில் சரிபாதி பங்கு கேட்கிறது. ஆகவே கோப்பையை இயந்திரத்தின் தலையில் வையுங்கள், அவசரம் என்றால் வெந்நீர் ஊற்றிக் கொட்டுங்கள். சின்ன எவர்சில்வர் டம்ளர் 50 கிராம்தான் இருக்கும், ஆறு மில்லி தண்ணீருக்குச் சமம். அது காபியிடம் பெரிதாகப் பங்கு கேட்பதில்லை, ஆனால் வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உங்கள் விரலுக்குக் கொடுத்துவிடும். இரண்டு மடக்கில் குடித்துவிடுபவர் என்றால் டம்ளரே போதும்.

கேள்வி: சிக்கரி கலந்த ஃபில்டர் தூளை இயந்திரத்தில் போட்டேன். நன்றாகச் சூடாக்கியும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: போடாதீர்கள். சிக்கரிக்கு அந்த அழுத்தம் ஒத்துவராது, ஊறிப் பசைபோல் அடைத்துக்கொள்கிறது. நானும் போட்டு, கூடையின் ஓட்டைகளைப் பல்குச்சியால் குத்தியிருக்கிறேன். சிக்கமகளூர், குடகு, ஏற்காடு என்று எந்தக் கொட்டையானாலும் சிக்கரி இல்லாமல் வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள். கனமான சுவை விரும்பினால் மான்சூன்ட் மலபார் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்னமும் கும்பகோணம் பித்தளை ஃபில்டர்தான். அதையும் சூடாக்க வேண்டுமா? (வாசகி, வயது 74, மயிலாப்பூர்)

பதில்: அக்கா, இதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும். என் அம்மா காலையில் இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றியதும் அதன் மூடிமேல் ஃபில்டரின் மேல் அடுக்கைக் கவிழ்த்து வைத்துவிடுவார். இட்லி வேகும் ஆவியில் அது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டுக் கிடக்கும். முந்தானையால் பிடித்து எடுத்து, உள்ளே ஒரு துடை துடைத்து, அப்புறம்தான் தூள். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தெர்மோகோல் கப்பில் 77 டிகிரியைப் பார்த்த அன்றுதான் எனக்கு அந்த மூடி ஞாபகம் வந்தது.

பித்தளை ஃபில்டர் கனமானது, ஆகவே சூடாக்குங்கள். இட்லி இல்லாத நாளில் வெந்நீரில் முக்கி எடுத்தால் போதும். ஆனால் துடைக்க மறந்துவிடாதீர்கள். ஈரம் இருந்தால் தூள் ஓட்டைகளில் அப்பிக்கொண்டு, டிகாக்ஷன் இறங்குவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.